பூட் ஆர்டர் போட்டது யார்?

நாகரிகம் நெருப்பில் தொடங்கியது என்பார்கள். சக்கரத்தில் தொடங்கியது என்றும் சொல்வார்கள். இரண்டும் தவறு. என்றைக்கு ஒரு மனிதன் இன்னொரு மனிதனைப் பார்த்து "எனக்குப் பின்னால நில்லு" என்று சொன்னானோ, அன்றைக்குத்தான் நாகரிகம் பிறந்தது. அது முழு வளர்ச்சி பெற்று வீற்றிருக்கும் கோலத்தைக் காண விரும்புகிறவர்கள் எடை அளவை முத்திரை அலுவலகத்தின் பத்துப் படிகளை ஏறினால் போதும்.

ஊரிலுள்ள கடைக்காரர்கள் எல்லோரும் வருடத்துக்கு ஒரு முறை தங்கள் தராசை அங்கே தூக்கிக்கொண்டு வர வேண்டும். அலுவலகம் அதைச் சோதித்து, முத்திரை குத்தி, சான்றிதழ் அச்சடித்துக் கொடுக்கும். சான்றிதழ் இல்லாத தராசில் ஒரு வெங்காயத்தைக்கூட நிறுக்கக் கூடாது.

அலுவலகத்தில் மூன்று எழுத்தர்கள். வேலையில் சேர்ந்த வரிசைப்படி ஒண்ணாவது, ரெண்டாவது, மூணாவது. வீட்டில் வைத்த பெயர்களை அவர்கள் படியேறும்போதே செருப்போடு கழற்றி விட்டுவிடுவார்கள். ஒண்ணாவதுக்கு இருபத்தாறு வருட சர்வீஸ். ரெண்டாவதுக்குப் பத்தொன்பது. மூணாவது ஒரு பெண். ஒன்பது வருடத்துக்கு முன்னால் மூணாவதாக வந்தவர், இன்று வரை அந்த இடத்தைத் தவறவிடாமல் காத்து வந்தார்.

வேலைப் பங்கீடு கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தது. எந்தக் கடிதமானாலும் எழுதுவது மூணாவது. எழுதிய தாளின் ஓரத்தில் சரியாக மூன்று சென்டிமீட்டர் இடம் விட்டிருக்கிறதா என்று அடிக்கோல் வைத்து அளப்பது ரெண்டாவது. பக்கங்களை எண்ணிச் சின்னக் கையெழுத்துப் போடுவது ஒண்ணாவது. பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் பெரிய கையெழுத்துப் போடுவது கண்காணிப்பாளர். படிப்பது யார் என்று கேட்காதீர்கள். அந்த வேலை யாருக்கும் ஒதுக்கப்படவில்லை.

கண்காணிப்பாளர் தலைமை அலுவலகத்திலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. வந்த அன்றே ஜன்னலோரத்தில் இருந்த ஒண்ணாவதின் நாற்காலியை ஓர் அடி பின்னுக்குத் தள்ளி, தன் நாற்காலியை அங்கே போட்டு, சுற்றிக் கண்ணாடித் தடுப்பு வைத்து அதைத் தன் அறையாக்கிக்கொண்டார். யாரையும் அவர் வேலையை விட்டு நீக்கவில்லை. எல்லோரையும் ஒரு படி பின்னால் தள்ளினார், அவ்வளவே. தினமும் காலையில் அனைவருக்கும் முன்னால் வந்து வாசலில் நின்று, "வாங்க, வாங்க" என்று வரவேற்பார். வரவேற்பு முடிந்ததும் அவருக்கு அன்றைய பணி முடிந்துவிடும்.

அலுவலகத்தின் ஒரே கணினி அவர் அறையில் இருந்தது. அதை எழுப்புவதற்கும் முறை உண்டு. பொத்தானை அழுத்துவது ஒண்ணாவது. திரையைப் போடுவது ரெண்டாவது. திரை ஓடி முடித்து அசையாமல் நின்ற பிறகுதான் மூணாவது விசைப்பலகையில் கை வைக்கலாம். அதற்கு முன் விரல் நீண்டால் ரெண்டாவது தன் அடிக்கோலைக் குறுக்கே நீட்டுவார்.

இப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு திங்கட்கிழமை புதிய 'ஆபரேட்டிங் சிஸ்டம்' வந்து சேர்ந்தது. "நவீனமாகுங்கள்" என்று தலைமை அலுவலகம் எழுதியிருந்தது. எதற்கு என்று எழுதவில்லை. முதுகுப் பையோடு வந்த கம்ப்யூட்டர்காரர் இரண்டு மணி நேரம் மேசைக்கடியில் குந்தியிருந்து அதை ஏற்றினார். மூணாவது அவருக்கு டார்ச் பிடித்தார். கீழே குனிகிற வேலைகள் மூணாவதுக்கு உரியவை.

"மேடம், பழசை அழிக்கலை. அது அதோட டிஸ்க்ல அப்படியே இருக்கு" என்றார் அவர், தூசியைத் தட்டிக்கொண்டு. "ஆனா புதுசு ஏத்தினா அது தன் பேரை முதல்ல எழுதிக்கும். பூட் ஆர்டர்னு ஒரு லிஸ்ட். போட்டதும் யாரு முதல்ல எழுந்திருக்கணும்னு அதுல இருக்கும். பழசு வேணும்னா, பொத்தானை அழுத்தின கையோட கீபோர்டுல எஃப்-டூவைத் தட்டிட்டே இருங்க. லிஸ்ட் வரும். பழசை மேல ஏத்திட்டு சேவ் பண்ணிடுங்க. ஒரு நிமிஷ வேலை."

"யார்கிட்டயும் கேட்காமலா தன்னை முதல்ல எழுதிக்கும்?"

"எல்லா புதுசும் அப்படித்தானே மேடம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த அலுவலகத்தை நவீனமாக்க ஓடினார்.

செவ்வாய் காலை ஒண்ணாவது அழுத்தினார், ரெண்டாவது போட்டார். திரையில் ஒரு மலை தெரிந்தது. மலைக்கு மேல் 'வரவேற்கிறோம்' என்று எழுத்து. கீழே ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பதினாலு வருடமாகச் சான்றிதழ் அடித்துக் கொடுத்த பழைய நிரலைக் காணோம்.

"எவ்வளவு அழகா இருக்கு பாருங்க" என்றார் கண்காணிப்பாளர். "எடுத்ததும் வரவேற்குது. என்ன பண்பு."

"சான்றிதழ் அடிக்குமா சார்?" என்று ஒண்ணாவது கேட்டார்.

"வந்த அன்னைக்கே வேலை எதிர்பார்க்கலாமா?"

மூணாவது மட்டும் மலையை ரசிக்கவில்லை. காரணம் அவர் கைப்பைக்குள் இருந்த ஒரு சுற்றறிக்கை. இடமாறுதல் கேட்பவர்கள் தங்கள் பணிப்பதிவேட்டை அச்சடித்து இணைத்து, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் தபாலில் சேர்க்க வேண்டும். தவறினால் அடுத்த வாய்ப்பு மூன்று வருடம் கழித்து. அவர் கணவருக்கு வேலை ஆறு மணி நேரப் பஸ் தூரத்தில். ஏழு வயது மகள் பள்ளிக்கூடத்துக்காக அப்பாவோடு அங்கே இருந்தாள். அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும். அந்தப் பணிப்பதிவேடு பழைய நிரலுக்குள், பழைய டிஸ்க்கில், வரிசையில் இரண்டாவது இடத்தில் உறங்கிக்கொண்டிருந்தது.

அன்று மதியம் மகள் போனில் கேட்டாள். "அம்மா, நீ ஆபீஸ்ல எத்தனாவது?"

"மூணாவது."

"எத்தனை பேர்ல?"

"மூணு பேர்ல."

"அப்ப நீ கடைசிம்மா" என்றாள் மகள். "எப்ப வருவே?"

"விண்ணப்பம் போயிட்டா அடுத்த மாசம்."

"போகலைன்னா?"

"நீ பத்து வயசுப் பொண்ணா இருப்பே."

செவ்வாய் பிற்பகல் அவசரக் கூட்டம் கூடியது. கூட்டத்தில் பேசுவதற்கும் வரிசை உண்டு. கண்காணிப்பாளர் நவீனத்தின் நன்மைகளை நாற்பது நிமிடம் விளக்கினார். ஒண்ணாவது தன் இருபத்தாறு வருட அனுபவத்தை, வருடத்துக்கு ஒரு நிமிடம் வீதம் சுருக்கமாகச் சொன்னார். ரெண்டாவது எழுந்து, கூட்ட அழைப்பிதழில் ஓரம் இரண்டரை சென்டிமீட்டர்தான் இருப்பதை வருத்தத்தோடு சுட்டிக்காட்டினார். மூணாவது எழுந்து, "சார், அந்த எஃப்-டூவை..." என்று தொடங்கியபோது அலுவலகம் முடியும் மணி அடித்தது. கூட்டக் குறிப்பில் 'மூன்றாம் எழுத்தர் ஆமோதித்தார்' என்று எழுதியிருந்தது. ஒன்பது வருடமாக எல்லாக் கூட்டக் குறிப்பிலும் அப்படித்தான் இருக்கும். கூட்டம் தொடங்கும் முன்பே அதை எழுதி வைப்பதும் மூணாவதுதான்.

புதன்கிழமை வெளியே இருபது கடைக்காரர்கள் தராசுகளை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். செவ்வாய் காலையிலேயே வந்து முதல் இடத்தில் உட்கார்ந்திருந்தவர் மீன் விற்கும் ஒரு பெண்மணி. எல்லோருக்கும் அவர் மீன்கார அக்கா.

"என்னம்மா, உள்ள யாராவது செத்துட்டாங்களா?" என்று அவர் மூணாவதிடம் கேட்டார். "எல்லாரும் கம்ப்யூட்டரைச் சுத்தி நின்னு பார்த்துட்டு இருக்கீங்க."

"கொஞ்சம் பொறுங்கக்கா. வரிசைப்படி..."

"நான் பொறுப்பேன். என் மீன் பொறுக்காது. அதுக்கு உங்க வரிசை தெரியாதும்மா, நாறிடும்."

இதைக் காதில் வாங்கிய கண்காணிப்பாளர் நிலைமையைக் கையில் எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டர்காரருக்குத் தாமே போன் போட்டார். எல்லோரும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் வைத்தார்.

"பூட் ஆர்டர் மாறியிருக்கும் சார்" என்றது குரல்.

"எந்த ஆர்டர்?"

"பூட் ஆர்டர் சார்."

"யார் போட்டது?"

"யாரும் போடலை. புதுசு வந்தா அதுவா முதல்ல வந்துக்கும்."

"ஆர்டர் இல்லாம எப்படிங்க முதல்ல வரும்?"

"அதுதான் சார் ஆர்டர்."

"நம்பர் என்ன, தேதி என்ன?"

"சார், ஒண்ணும் வேணாம். பழசை மேல ஏத்திடுங்க. சரியாயிடும்" என்றது குரல். அத்தோடு போன் துண்டித்துக்கொண்டது.

இதைவிடத் தெளிவாக ஒரு தொழில்நுட்ப ஆலோசனை இருக்க முடியாது. அலுவலகம் உடனே செயலில் இறங்கியது. ஒண்ணாவது கோப்பு அறைக்குள் புகுந்து, முக்கால் மணி நேரத்தில் 'பூட்டு ஆர்டர்' ஒன்றைக் கண்டெடுத்தார். பதினோரு வருடத்துக்கு முன் பின்கதவுக்குப் பூட்டு வாங்கச் சொன்ன ஆணை அது. இன்னும் வாங்கவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கண்காணிப்பாளர் இரண்டாம் கட்ட நடவடிக்கையாக, மாடிப்படிக்குக் கீழே கிடந்த ஓர் ஓட்டை உடைசல் கணினியைச் சுட்டிக்காட்டினார்.

"பழசை மேல ஏத்துங்க."

"சார், அவர் சொன்ன பழசு இந்தப் பழசு இல்ல..." என்றார் மூணாவது.

"உன் முறை வரும்மா" என்றார் கண்காணிப்பாளர் கனிவாக.

நான்கு கடைக்காரர்கள் கைகொடுக்க, உடைசல் கணினி மாடிக்கு ஏறியது. அலுவலகத்துக்குள் இடம் மாறும் எந்தப் பொருளையும் நிறுத்துத்தான் வைக்க வேண்டும் என்பதால் வழியில் அதை எடை போட்டார்கள். பதினோரு கிலோ நானூறு கிராம். எடையில் ஒரு குறையும் இல்லை. கீழே வந்து பொத்தானை அழுத்தியபோது மலை தெரிந்தது. 'வரவேற்கிறோம்.'

திரையில் மலை தெரிவதற்குள் எஃப்-டூவைத் தட்டிவிடலாம் என்று மூணாவது கையை நீட்டினார். அடிக்கோல் குறுக்கே வந்தது.

"திரை நிக்கலையேம்மா" என்றார் ரெண்டாவது.

"நின்னுட்டா பிரயோஜனம் இல்லை சார். நிக்கிறதுக்கு முன்னால தட்டணும்."

"நிக்கிறதுக்கு முன்னால தட்டணும்னா அது எங்க வேலை. எங்க வேலையில தட்டுறது கிடையாது."

வியாழக்கிழமை பிரச்சினை அதன் உண்மையான உயரத்துக்கு எழுந்தது. எழுப்பியவர் ஒண்ணாவது.

"சார், இது கம்ப்யூட்டர் விஷயமே இல்லை. பணிமூப்பு விஷயம்" என்றார். "பதினாலு வருஷம் உழைச்சது பின்னால நிக்குது. நேத்து வந்தது முதல்ல நிக்குது. வந்த நாள்லேர்ந்து 'வாங்க வாங்க'ங்கிறதைத் தவிர ஒரு வேலை செய்யலை. இது எந்த ஊர் நியாயம்?"

இதைச் சொல்லும்போது அவர் கணினியைப் பார்க்கவில்லை.

"கம்ப்யூட்டரைத்தானே சொல்றீங்க?" என்று கண்காணிப்பாளர் கேட்டார்.

"வேற யாரை சார் சொல்லப்போறேன்?"

கண்காணிப்பாளர் திரையைப் பார்த்தார். வட்டம் மட்டும் சுற்றியது. பிறகு இரண்டு முடிவுகள் ஒருமனதாக எடுக்கப்பட்டன. ஒன்று, ஆணை இல்லாமல் முதலிடத்தைப் பிடித்த புதிய அமைப்பிடம் விளக்கம் கேட்டு ஒரு மெமோ. இரண்டு, பழைய அமைப்பே இனி முதலில் எழ வேண்டும் என்று முறைப்படி ஒரு 'பூட் ஆர்டர்'.

மெமோ மதியமே தயாரானது. 'உம்மீது ஒழுங்கு நடவடிக்கை ஏன் எடுக்கக் கூடாது என்பதற்கு எழுத்துமூலம் விளக்கம் அளிக்க வேண்டும்.' அதைக் கணினியின் பக்கவாட்டில் பசை நாடாவால் ஒட்டினார்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வேண்டுமே என்ற சிக்கல் எழுந்தது. அனுபவம் கைகொடுத்தது. 'பெறுநர் கையெழுத்திட மறுத்தார்' என்று ரெண்டாவது எழுதிக் கோப்பில் சேர்த்தார்.

'பூட் ஆர்டர்' எழுத மூணாவது உட்கார்ந்தார். கணினி அச்சடிக்காததால் கையெழுத்துப் பிரதி. முதல் மூன்று பத்திகளில் பழையதின் சேவை, புதியதின் வயது, அலுவலகத்தின் மாண்பு எல்லாம் வந்துவிட்டன. நாலாவது பத்திக்கு வந்தபோது பேனா நின்றது.

கண்ணாடிக்கு அப்பால் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. மூணாவது அதைப் பார்த்தார். வந்து நாலு நாள் ஆகவில்லை. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கூட்டத்தில் தன் முறைக்காகக் காத்திருக்கவும் இல்லை. லிஸ்ட் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது, போய்த் தன் பெயரை எழுதிக்கொண்டது. அவ்வளவுதானே.

இந்த அலுவலகத்தின் லிஸ்ட் யார் கையில் இருக்கிறது என்று யோசித்தார். ஒன்பது வருடமாக எல்லாத் தாளையும் எழுதுகிற தன் கையில்தான் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. நாலாவது பத்தியை ஒரே மூச்சில் எழுதினார்.

ஓரம் ஒரு நூல் குறைகிறது என்று ரெண்டாவது திருப்பி அனுப்பினார். மறுபடி எழுதியதில் ஒரு நூல் கூடிவிட்டது. மூன்றாவது பிரதி தேறுவதற்குள் வெள்ளிக்கிழமை பிற்பகல் மணி மூன்று. ஒண்ணாவது பக்கத்தை எண்ணினார். ஒன்று. சின்னக் கையெழுத்து விழுந்தது. பெருக்கல் குறியின் மேல் பெரிய கையெழுத்தும் விழுந்தது.

ஆணையைப் பெறுநரிடம் வாசித்துக் காட்டுவது மரபு. எல்லோரும் கணினி முன் கூடினார்கள். வாசலில் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கண்காணிப்பாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கணினிக்கு நன்றாகக் கேட்கும்படி வாசித்தார். மூன்று பத்தி கம்பீரமாகப் போனது.

"நான்கு. இவ்வாணையை நிறைவேற்றும் பொருட்டு, கணினியை எழுப்பும் பணியில் இனி மூன்றாம் எழுத்தரே முதலில் விசைப்பலகையில் கை வைக்க வேண்டும். அதன் பிறகே முதலாம் எழுத்தர் பொத்தானை..."

குரல் தேய்ந்தது. அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி முன்பக்கம் பார்த்தார். அடியில் கையெழுத்து இருந்தது.

"இது நான் போட்டதுதானே?"

"ஆமா சார்" என்றார் ஒண்ணாவது.

"ஓரம் சரியா இருக்கா?"

"மூணு சென்டிமீட்டர் சார். அளந்துட்டேன்" என்றார் ரெண்டாவது.

கண்காணிப்பாளர் சற்று யோசித்தார். "அப்ப சரியாத்தான் இருக்கும்."

மூணாவது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த அறையில் அவர் உட்கார்ந்தது அதுவே முதல் முறை. எஃப்-டூவின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "இப்ப அழுத்துங்க சார்" என்றார். இருபத்தாறு வருட சர்வீஸ் குனிந்து பொத்தானை அழுத்தியது. டக்டக்டக்கென்று விசை அடித்தது. மலை வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு லிஸ்ட் வந்தது. முதலில் புதுசு, அடுத்து பழசு. மூணாவது பழசை ஒரு படி மேலே ஏற்றினார், சேவ் செய்தார். கணினி ஒரு தடவை அணைந்து எழுந்தது. பழைய பச்சைத் திரை வந்தது. அது யாரையும் வரவேற்கவில்லை. 'பதிவு எண்?' என்று கேட்டது.

"பார்த்தீங்களா" என்றார் கண்காணிப்பாளர். "ஆர்டருக்குப் பணிஞ்சிடுச்சு."

மணி நாலரை. வாசலில் இருபத்து மூன்று தராசுகள் காத்திருந்தன. மூணாவது தயங்கி, பெஞ்சின் முதல் இடத்தைப் பார்த்தார்.

"உன்னுதை முதல்ல எடும்மா" என்றார் மீன்கார அக்கா. போனில் மகளிடம் பேசியதெல்லாம் பெஞ்சு வரைக்கும் கேட்டிருந்தது. "நாலு நாளா உட்கார்ந்தவங்க நாலு நிமிஷம் உட்கார மாட்டோமா? என் மீன் எப்பவோ போயிடுச்சு."

எட்டுப் பக்கம் அச்சாகி வந்தது. எதிர்ச் சாரியில் இருந்த தபால் அலுவலகத்துக்கு மூணாவது ஓடினார். முத்திரை விழுந்தபோது மணி நாலு ஐம்பத்திரண்டு. திரும்பி வந்து ஏழு மணி வரை உட்கார்ந்து, இருபத்து மூன்று சான்றிதழையும் அடித்துக் கொடுத்தார். நடுவில் மகள் போன் செய்தாள்.

"அம்மா, இப்ப நீ எத்தனாவது?"

"இன்னைக்கு மட்டும் முதல்ல."

"ரேங்க் கார்டுல போட்டாங்களா?"

"நானே போட்டுக்கிட்டேன்."

இடமாறுதல் அடுத்த மாதம் வந்தது. அதற்குள் 'பூட் ஆர்டர்' கண்ணாடிச் சட்டம் போட்டுக் கண்காணிப்பாளர் அறையில் மாட்டப்பட்டிருந்தது. அதற்காக அவருக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதமும் வந்தது. 'இயந்திரங்களையும் வரிசையில் நிறுத்திய நிர்வாகி' என்று அதில் இருந்தது.

கடைசி நாளில் மூணாவது தன் கோப்புகளை முடித்து ஒப்படைக்க வேண்டியிருந்தது. ஒன்று மட்டும் முடியாமல் நின்றது, கணினிக்குக் கொடுத்த மெமோ. விளக்கம் வராமல் கோப்பை மூட முடியாது. யாருடைய கடிதமானாலும் எழுதுவது மூணாவதின் வேலை. எனவே மெமோவுக்குக் கணினியின் விளக்கத்தையும் அவரே எழுதினார்.

'ஐயா, நான் வந்த அன்றே முதலிடத்தில் அமர்ந்தது உண்மை. அதற்கு ஆணை எதுவும் என்னிடம் இல்லை. முன்பிருந்தவரை நான் நீக்கவில்லை. பின்னால் தள்ளினேன், அவ்வளவே. அவருக்குத் தெரிந்த வேலை எதுவும் எனக்குத் தெரியாது. எல்லோருக்கும் முன்னால் எழுந்து, அனைவரையும் வரவேற்று, வேலை தெரிந்தவர் எழுந்துவிடாமல் பார்த்துக்கொள்வது ஒன்றே என் பணி. வாசலில் நிற்பவர்களின் சரக்கு அழுகுவதை நான் அறியேன். தங்கள் அறையிலேயே இருந்து, தங்களைப் பார்த்துப் பார்த்தே நடந்துகொண்டேன்.'

ரெண்டாவது ஓரத்தை அளந்தார். மூன்று சென்டிமீட்டர். ஒண்ணாவது பக்கத்தை எண்ணினார். எண்ணும்போது கண் எழுத்தில் பட்டுவிட்டது போலும். இரண்டு முறை எண்ணினார், பிறகு மிகுந்த மகிழ்ச்சியோடு சின்னக் கையெழுத்துப் போட்டார்.

கண்காணிப்பாளரும் அன்று அதைப் படித்தார். பாராட்டுக் கடிதம் வந்ததிலிருந்து அவருக்குத் தாள்களைப் படிக்கும் ஆர்வம் வந்திருந்தது. ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டிக்கொண்டே, முதலிலிருந்து கடைசி வரை, நிதானமாகப் படித்தார். பிறகு பேனாவைத் திறந்து, பெருக்கல் குறிக்கு மேலே தம் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டார்:

'விளக்கம் மனநிறைவு அளிக்கிறது. இதில் தவறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.'